மறதி நோய்க்குப் பெயரான மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

அல்சைமர் என்றவுடன் நமக்கு ஒரு நோய்தான் நினைவுக்கு வருகிறது. பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்க வைக்கின்ற கொடிய மறதி நோய் அது. அந்தப் பெயரைச் சுமந்த மனிதர் ஒருவர் இருந்தார் என்பதும், அவர் ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர், மூன்று குழந்தைகளின் தந்தை, இளமையிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர் என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. நோய்க்குத் தம் பெயரைக் கொடுத்துவிட்டு அம்மனிதர் மறைந்து போனார்.

திசுவியல் பாடத்தில் நரம்புச் செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறோம் அல்லவா? அதில் நிசில் துகள்கள் என்று ஒன்று வரும். இரண்டு மதிப்பெண் வினாவுக்காக அதனை மனப்பாடம் செய்யாதவர் நம் வகுப்பில் எவரும் இல்லை. அந்த நிசில் என்பவர் அல்சைமரின் உயிர்த்தோழர். பாடப் புத்தகத்தில் ஒரு சொல்லாக மட்டுமே கிடந்த பெயருக்குப் பின்னால் இரண்டு இளம் மருத்துவர்களின் நட்பு இருக்கிறது என்று அறிந்தபோதுதான் இவர்களுடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

அலாய்ஸ் அல்சைமர் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில், மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பத்திரப் பதிவு அலுவலர், வசதியான குடும்பம். எனவே படிப்புக்காக அவர் துன்பப்பட்டார் என்று எழுத எனக்கு வாய்ப்பில்லை. பெர்லின், துபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்தில் வாட்போரில் விருப்பம் மிகுந்தவர். அதனால் முகத்தின் இடப்பக்கம் ஏற்பட்ட தழும்பு கடைசி வரை மறையவில்லை. புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் வலப்பக்கத்தையே காட்டுவாராம். 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள்! நுண்ணோக்கியின் முன் மணிக்கணக்கில் அமரும் பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

1888-ஆம் ஆண்டு இறுதியில் பிராங்பர்ட் நகரின் மனநோய் மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். ஊரார் அதனைப் பைத்தியக்காரர் கோட்டை என்றே அழைத்தனர். எமில் சியோலி என்பவர் அங்கே தலைமை மருத்துவர். நோயாளிகளைக் கட்டிப்போடக் கூடாது, இயன்றவரை தடையின்றி நடமாட விட வேண்டும் என்ற கொள்கை உடையவர் அவர். வெறி கொண்டவர்களை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் நெடுநேரம் அமர வைத்து அமைதிப்படுத்துவார்கள். இன்று நமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். விலங்கும் சங்கிலியும் வழக்கமாக இருந்த ஒரு காலத்தில் இது சிறிய செய்தி அன்று.

அடுத்த ஆண்டு பிரான்ஸ் நிசில் அங்கே வந்து சேர்ந்தார். மாணவராக இருந்தபோதே நரம்புச் செல்லுக்குச் சாயம் ஏற்றும் புதிய முறையைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றவர் அவர். மூளைத் திசுவைச் சாராயத்தில் பதப்படுத்தி, மெல்லிய தகடுகளாகச் சீவி, அனிலின் சாயத்தில் தோய்த்தால் செல்லுக்குள் இருக்கும் துகள்கள் நீல நிறத்தில் தெளிவாகத் தெரியும். சாயம் ஏற்றாத மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெளிறிய ஒரு கூழைத் தவிர வேறொன்றும் புலப்படாது. சாயம்தான் கண்ணைத் திறந்துவிட்டது. பகலெல்லாம் நோயாளிகளோடு பேசுவதும், மாலை வந்ததும் இறந்தவர்களின் மூளைச் சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்வதுமாக நண்பர் இருவரும் பல ஆண்டுகள் உழைத்தனர்.

அக்காலத்தில் மனநோய் எதனால் வருகிறது என்பதில் அறிஞரிடையே பெரும் பூசல் இருந்தது. ஒழுக்கக்கேடு என்றனர் சிலர். பரம்பரைச் சாபம் போன்றது என்றனர் சிலர். வியன்னாவில் பிராய்டு அடிமனத்து ஆசைகளைப் பற்றி ஆராயத் தொடங்கியிருந்தார். அல்சைமரும் நிசிலும் வேறு வழியில் சென்றார்கள். இதயம் கெட்டால் மூச்சு வாங்குவது போல, சிறுநீரகம் கெட்டால் உடல் வீங்குவது போல, மூளைத் திசுவில் ஏற்படும் கேடுதான் மனம் பிறழ்வதற்குக் காரணமா என்று அவர்கள் கேட்டார்கள். அன்றைய மனநோய் மருத்துவமனைகளில் பித்தோடு வாதமும் சேர்ந்து மெல்ல மெல்ல மாண்டவர்கள் ஏராளம். அவர்களுடைய மூளையில் காணப்படும் மாறுதல்களை நுணுகி விவரித்து 1904-இல் அல்சைமர் ஒரு பெரிய ஆய்வுநூலை வெளியிட்டார். 1913-இல் நோகுச்சி என்னும் ஜப்பானிய அறிஞர், மூர் என்பவரோடு சேர்ந்து, அத்தகைய மூளைகளுக்குள்ளேயே மேகநோய்க் கிருமியைக் கண்டு காட்டினார். பின்னர் பென்சிலின் வந்தது. மருத்துவமனைகளை நிரப்பிய அந்த நோயும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஒரு காலத்தில் பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவர்களுள் ஒரு பெரும் கூட்டத்தை ஊசி மருந்தால் காப்பாற்ற முடிந்தது என்றால், மூளையைப் படிப்பதன் பயனை இதைவிட எப்படி விளக்குவது?

அல்சைமரின் மனைவி செசிலியா ஒரு வைர வணிகரின் விதவை. அவர் கொண்டுவந்த செல்வத்தால் குடும்பத்துக்குப் பணக்கவலை இல்லை. ஆனால் 1901-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு அந்த அம்மையார் இறந்தார். அல்சைமரின் தங்கை எலிசபெத் வந்து குழந்தைகளை வளர்த்தார். அல்சைமரோ தம் துயரையெல்லாம் வேலையில் புதைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் மருத்துவமனைக்கு ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். பெயர் அகுஸ்தே. வயது 51. கணவர் ரயில்வேயில் எழுத்தர். எந்தக் குறையும் இல்லாமல் குடும்பம் நடத்தி வந்தவர், திடீரென்று கணவர் மீது சந்தேகம் கொள்ளத் தொடங்கினார். பிறகு சமையலில் தடுமாற்றம்; பொருள்களை எடுத்து எங்கோ ஒளித்து வைப்பது; யாரோ தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று அலறுவது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை.

மறுநாள் அல்சைமர் அவர் அருகில் அமர்ந்து பேசினார். பெயரைக் கேட்டார், அகுஸ்தே என்றார். குடும்பப் பெயரைக் கேட்டார். அதற்கும் அகுஸ்தே என்றே விடை. கணவர் பெயரைக் கேட்டபோதும் சற்றுத் தயங்கி அதே பெயரையே சொன்னார். மதிய உணவில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். பென்சில், சாவி, சுருட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டியபோது சரியாகவே பெயர் சொன்னார். சிறிது நேரம் கழித்து எதைக் காட்டினேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. பெயரை எழுதச் சொன்னார். திருமதி என்ற சொல்லை எழுதியதோடு கை நின்றுவிட்டது. அடுத்து எழுத வேண்டியது என்ன என்பது மறந்து போயிற்று. தாம் தம்மையே தொலைத்துவிட்டதாக அவ்வம்மையார் சொன்னதையும் அல்சைமர் குறித்து வைத்தார். கேட்ட கேள்வியையும் வந்த விடையையும் நாள்தோறும் தம் கையாலேயே எழுதினார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன். எங்கள் அப்பாயிக்கும் இதுதான் நடந்தது. கூலி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்தவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், யார் வீட்டில் எத்தனை நாள் களை எடுத்தோம், எத்தனை படி நெல் வரவேண்டும் என்பதெல்லாம் வாய்க்கணக்காக வைத்திருப்பார். அப்படிப்பட்டவர், எதிரே நிற்கும் என் அப்பாவைப் பார்த்து, என் மகன் வயலிலிருந்து வந்துவிட்டானா என்று கேட்க ஆரம்பித்தார். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் ஊரில். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். முன்பு செய்த பாவம் என்று சொல்லிவிட்டுப் போன உறவினரும் உண்டு. அந்தச் சொல்லை அப்பாயி புரிந்துகொண்டிருக்க மாட்டார்; ஆனால் என் அத்தைக்குப் புரிந்தது. அவர் பல நாள் அழுதார். அப்பாயி இறந்தது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது. அவருக்கு வந்தது இதே நோய்தானா என்று சொல்ல எந்த மருத்துவரும் அவரைப் பார்க்கவில்லை. ஆயினும், பாவம் என்ற சொல்லுக்குப் பதிலாகச் செல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாராவது அன்று சொல்லியிருந்தால் அத்தையின் அழுகை சற்றுக் குறைந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அல்சைமர் 1903-இல் பிராங்பர்ட்டை விட்டு, மனநோய்களை வகைப்படுத்திப் புகழ் பெற்ற எமில் கிரேப்பெலினிடம் போய்ச் சேர்ந்தார். அவரோடு மியூனிக் நகருக்கும் சென்றார். அங்கே தொடக்கத்தில் அவருக்கு ஊதியம் இல்லை. மனைவி விட்டுச்சென்ற செல்வம் இருந்ததால் தம் கைப்பணத்தைச் செலவழித்தே ஆய்வுக்கூடத்தை நடத்தினார். அறிவியலுக்கு அறிவு மட்டும் போதாது, அடுப்பெரியவும் வழி இருக்க வேண்டும் என்பதை நம் போன்றவர்கள் இங்கே கவனிக்காமல் இருக்க முடியாது.

அந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஓர் இனிய செய்தி உண்டு. நீண்ட மேசைகளில் மாணவர்கள் நுண்ணோக்கிகளோடு அமர்ந்திருப்பார்கள். அல்சைமர் ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நுண்ணோக்கியில் குனிந்து விளக்கம் சொல்வார். கையிலிருந்த சுருட்டை மேசை மேல் வைத்துவிட்டு, அதை மறந்து அடுத்த மாணவரிடம் போய்விடுவார். அங்கே புதிய சுருட்டு! மாலையில் பார்த்தால் ஒவ்வொரு மாணவரின் மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்குமாம்.

இத்தாலி, ஸ்பெயின், அமெரிக்கா என்று பல நாட்டு மாணவர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் என்னும் கறுப்பின மருத்துவர். இவருடைய பாட்டனார் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாக இருந்தவர். விலை கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் குடியேறியவர். அங்கே 1872-இல் பிறந்த ஃபுல்லர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1904-இல் மியூனிக் வந்து அல்சைமரின் மேசையில் அமர்ந்தார். அடிமையின் பேரன் மூளையின் உயிரணுக்களை ஆராய்ந்தான்! அகுஸ்தே அம்மையாரைப் பற்றிய அல்சைமரின் கட்டுரையை 1912-இல் முதன்முதலாக ஆங்கிலத்தில் தந்தவர் இவரே. ஆனால் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய அவரைத் தாண்டி ஒரு வெள்ளையருக்குப் பேராசிரியர் பதவி உயர்வு கொடுத்தார்கள். 1933-இல் ஃபுல்லர் அங்கிருந்து விலகினார்.

நாம் அகுஸ்தேயிடம் திரும்புவோம். ஊர் மாறினாலும் அல்சைமர் அவரை மறக்கவில்லை. பிராங்பர்ட்டிலிருந்து அவ்வம்மையாரின் நிலையை விசாரித்து வந்தார். படுக்கைப் புண் முற்றி, 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் அகுஸ்தே இறந்தார். மருத்துவக் குறிப்பேட்டையும் மூளையையும் சியோலி மியூனிக்குக்கு அனுப்பி வைத்தார்.

மூளை சுருங்கியிருந்தது. அதனைச் சீவி, வெள்ளி உப்பைக் கொண்டு சாயம் ஏற்றும் பீல்ஷோவ்ஸ்கியின் புதிய முறையில் பார்த்தபோது அல்சைமர் இரண்டு விந்தைகளைக் கண்டார். நல்ல நரம்புச் செல்லுக்குள் மெல்லிய இழைகள் சீராக ஓடும். இங்கே அவை தடித்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, சிக்கல் விழுந்த நூற்கண்டைப் போலக் கிடந்தன. சில இடங்களில் செல்லே அழிந்துபோய், அது இருந்த இடத்தில் அந்தச் சிக்கல் மட்டும் எஞ்சியிருந்தது. மூளைப் புறணியில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான செல்கள் இவ்வாறு கெட்டிருந்தன. இரண்டாவது, செல்களுக்கு வெளியே, ஏதோ ஒரு பொருள் தினை தினையாகப் புறணியெங்கும் படிந்திருந்தது. அந்தப் படிவு பீட்டா அமிலாய்டு என்னும் புரதம் என்பது 1984-க்குப் பின்னரே தெளிவாயிற்று; இழைச் சிக்கல் டௌ என்னும் புரதத்தால் ஆனது என்பதும் அதே பத்தாண்டுகளில்தான் விளங்கியது.

1906-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் துபிங்கன் நகரில் கூடிய மனநோய் மருத்துவர்கள் மாநாட்டில் அல்சைமர் இதனை விளக்கிப் பேசினார். பேசி முடித்ததும் தலைவர் அவையை நோக்கி ஐயம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாநாடு அடுத்த சொற்பொழிவுக்குச் சென்றுவிட்டது! கருத்தரங்கில் கட்டுரை படித்துவிட்டுக் கேள்வி வராமல் திரும்பும் நம் மாணவ நண்பர்கள் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

1910-இல் கிரேப்பெலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார். விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளைக் கொண்டு அவர் ஏன் இத்தனை விரைவாகப் பெயர் வைத்தார் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இதே படிவுகளை முதியோரின் மூளைகளில் விரிவாக ஆராய்ந்து 1907-இலேயே வெளியிட்ட ஆஸ்கர் ஃபிஷர் என்ற அறிஞர் பிராக் நகரில் இருந்தார். அவருடைய பெயர் நோய்க்கு வரவில்லை. யூதரான அவர் 1942-இல் நாஜிகளின் சிறையில் மாண்டார் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. அல்சைமருக்கே இந்தப் பெயர் சூட்டலில் தயக்கம் இருந்தது. இது தனி நோயா, அல்லது முதுமையில் வரும் அறிவு மங்கலே முன்கூட்டி வருகிறதா என்று 1911-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஆராய்கிறார்.

அவருடைய தயக்கம் நியாயமானது என்பது என் கருத்து. ஏனெனில் கிரேப்பெலின் செய்த பாகுபாட்டால் ஒரு பெரிய தீங்கு விளைந்தது. ஐம்பது வயதில் வந்தால் அது நோய். எழுபது வயதில் வந்தால் அது வெறும் மூப்பு என்று மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தது. மூப்பு என்றால் மருத்துவம் எதற்கு? ஆராய்ச்சி எதற்கு? 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர்கள் மூவர், இறந்த முதியோரின் மூளைகளில் படிவுகளை எண்ணிப் பார்த்து, படிவுகள் கூடக் கூட அறிவு மங்கலும் கூடியிருந்தது என்று காட்டினார்கள். 1976-இல் அமெரிக்காவின் ராபர்ட் காட்ஸ்மன் இரண்டும் ஒரே நோய்தான் என்று வாதிட்டு எழுதினார். அதற்குப் பிறகே அரிய நோய் என்று கருதப்பட்ட இது பெருநோய்களுள் ஒன்று என்பது உலகுக்குத் தெரிந்தது. 2021-ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் அறிவு மங்கல் நோய்களுக்கு ஆளாகியிருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது; அவர்களுள் பெரும்பகுதியினருக்கு வந்தது அல்சைமர் நோய். படிவுகளை அகற்றும் மருந்துகள் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளன. அவை நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கின்றனவே தவிர, தொலைந்த நினைவைத் திருப்பித் தருவதில்லை.

அல்சைமர் தேடிய எல்லாமே அவருக்குக் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளமையில் தாக்கும் மனச்சிதைவு நோய்க்கும் இதுபோன்ற தெளிவான அடையாளம் மூளையில் இருக்கும் என்று எண்ணிப் பல மூளைகளை ஆராய்ந்தார். இழைச் சிக்கல் போல் கைகாட்டிச் சொல்லத்தக்க எதுவும் அங்கே அகப்படவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தேடல் மரபணுக்களிலும் வேதிப்பொருள்களிலும் தொடர்ந்துகொண்டிருக்கிறது.

1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. இன்று அவ்வூர் விராட்ஸ்வாவ் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது. பதவியேற்க ரயிலில் செல்லும்போதே நோய்வாய்ப்பட்டார். தொண்டையில் தொடங்கிய தொற்று இதயத்தைத் தாக்கியது. மூன்றாண்டுகள் நலிந்த உடலோடு பணியாற்றி, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. அகுஸ்தே மருத்துவமனைக்குள் நுழைந்த அதே வயது. பிராங்பர்ட்டில் மனைவியின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

அகுஸ்தேயின் குறிப்பேடு எங்கே போயிற்று என்று பல காலம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு உலகப் போர்களும் கடந்து போயின. 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் பிராங்பர்ட் மருத்துவமனையின் ஆவணக் கிடங்கில் மனநோய் மருத்துவர்கள் சிலர் தேடியபோது ஒரு நீலநிற அட்டைக் கோப்பு கிடைத்தது. உள்ளே அல்சைமரின் கையெழுத்தில் கேள்விகளும் விடைகளும் இருந்தன. அகுஸ்தேயின் புகைப்படங்களும், அவர் எழுத முயன்று பாதியில் விட்ட தாளும் இருந்தன. சில ஆண்டுகளில் மியூனிக்கில் அவருடைய மூளைச் சீவல்கள் அடங்கிய கண்ணாடி வில்லைகளும் கிடைத்தன. தொண்ணூறு ஆண்டுப் பழைய அந்த வில்லைகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். இழைச் சிக்கல்களும் படிவுகளும் அல்சைமர் சொன்னபடியே அங்கே தெரிந்தன.